‘சத்தமாப் பேசு’ என்றவரே ‘ஏன் கத்துற’ என்பது ஏன்? – காது மந்தமும் உரப்பும்

வைப்பாற்றங்கரை எழுதியது:

என் தந்தைக்கு வயது 71. 27 ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர். அந்தக் காலத்துப் பேருந்துகளில் இன்ஜின், ஓட்டுநரின் இடது முழங்கைக்குப் பக்கத்திலேயே, ஒரு ரெக்சின் மூடிக்கு அடியில் உறுமிக்கொண்டிருக்கும். ஓய்வு பெற்ற பிறகு ஐந்தாறு ஆண்டுகளாகக் காது மந்தமாகி வருகிறது. அண்மையில் எடுத்த ஆடியோகிராமில் (கேட்கும் திறனை அளந்து வரையும் தாள்) இரண்டு காதுகளுக்கும் சராசரியாக 50 டெசிபெல் இழப்பு என்று குறித்திருக்கிறார்கள்.

நேற்று இரவு அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, “ரசம் ஊத்தவாப்பா?” என்று கேட்டேன். “என்ன?” என்றார். சற்றே உரக்கக் கேட்டேன். “காதுல விழல, சத்தமாப் பேசு” என்றார். இன்னும் உரக்கக் கேட்டதுதான் தாமதம், முகத்தைச் சுளித்து, “எதுக்குடா இப்படிக் கத்துற, நான் என்ன செவிடா?” என்று கையை உதறினார். அந்த நேரம் பார்த்து அடுப்படியில் என் மகள் கையிலிருந்து ஓர் எவர்சில்வர் தட்டு நழுவி விழுந்தது. நாங்கள் நான்கு பேர் திரும்பிப் பார்த்ததோடு சரி. அவர் மட்டும் திடுக்கிட்டு இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். “காரியச் செவிடு” என்று அம்மா முணுமுணுத்தார். அது அவருக்குக் கேட்கவில்லை.

எனக்குப் புரியாதது இதுதான்: 50 டெசிபெல் குறைவாகக் கேட்கிறது என்றால், தட்டு விழுந்த சத்தமும் அவருக்கு 50 டெசிபெல் குறைந்துதானே கேட்டிருக்க வேண்டும்? எங்களைவிட அவருக்கு எப்படி அதிகமாக வலித்தது? அம்மா சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்குமோ என்று எனக்கே தோன்றிவிட்டது என்பதால்தான் இங்கே கேட்கிறேன்.

செவிப்பறை எழுதியது:

உங்கள் தந்தை நடிக்கவில்லை என்று முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். நான் ஆடியாலஜிஸ்ட்டாக, அதாவது கேட்கும் திறனைச் சோதிப்பவராகப் பணிபுரிகிறேன். வாரத்தில் நான்கு குடும்பங்களாவது இதே வழக்கோடு என் அறைக்குள் வருகின்றன.

ஆடியோகிராமில் உள்ள 50 என்பது, ஒலி அவருக்கு எந்த இடத்தில் கேட்கத் தொடங்குகிறது என்பதை மட்டும் சொல்லும் எண். தொடங்கிய பிறகு அது எவ்வளவு வேகமாக உரக்கிறது என்பதை அந்தத் தாள் சொல்வதில்லை. நல்ல காது 0 டெசிபெல்லுக்கு அருகில் கேட்கத் தொடங்கி, 100 டெசிபெல் வாக்கில் ‘போதும், தாங்க முடியவில்லை’ என்னும் எல்லையைத் தொடும். உட்செவியில் ஏற்படும் இழப்பில் கீழ் எல்லை 50க்கு ஏறிவிடுகிறது. மேல் எல்லையோ பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்துவிடுகிறது. நாம் நூறு படிகளில் ஏறும் மாடியை அவர் ஐம்பதே படிகளில் ஏறுகிறார் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு படியும் நம்முடையதைப்போல் இரு மடங்கு உயரம். நீங்கள் ‘கொஞ்சம்’ உயர்த்திய குரல் அவருக்கு இரண்டு படி ஏறிப்போயிருக்கும்.

இதற்கு எங்கள் துறையில் ‘ரெக்ரூட்மென்ட்’ என்று பெயர். நியூயார்க்கைச் சேர்ந்த காது மருத்துவர் எட்மண்ட் பிரின்ஸ் ஃபௌலர் 1930களிலேயே இதை அளந்து காட்டிவிட்டார். இருந்தும் காது மந்தம் என்றால் ரேடியோவின் ஒலித்திருகைக் குறைத்து வைத்ததுபோல என்னும் எண்ணம் வீடுகளில் இன்னும் மாறவில்லை.

கரும்பலகை எழுதியது:

மாடிப்படி உவமை அழகாக இருக்கிறது. ஆனால் உவமை விளக்கமாகிவிடாது. 30 ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் எனக்கு இரண்டு ஐயங்கள்.

முதலாவது, சேதமடைந்த ஒரு மைக் சிறிய ஒலியையும் குறைத்துத்தான் தரும், பெரிய ஒலியையும் குறைத்துத்தான் தரும். சேதமடைந்த காது மட்டும் சிறிய ஒலிக்குச் செத்தும், பெரிய ஒலிக்கு முழு உயிரோடும் எப்படி இருக்க முடியும்? இரண்டாவது, பாடநூல்களில் செறிவு வேறு, உரப்பு வேறு என்று நாங்களே சொல்லிக்கொடுக்கிறோம். செறிவைக் கருவியால் அளக்கலாம். உரப்பு கேட்பவரின் உணர்வு. 10 டெசிபெல் கூடினால் உரப்பு இரட்டிக்கும் என்று எல்லா இடங்களிலும் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் ‘இப்போது இரு மடங்காகக் கேட்கிறது’ என்று வாயால் சொல்வதை அளவீடு என்று எப்படி ஏற்பது?

செவிப்பறை எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் முதல் ஐயம் சரியான இடத்தைத் தொடுகிறது. காதை மைக்காக நினைத்தால் இந்தப் புதிர் அவிழாது. உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் நத்தைச்சுருளுக்குள், ஒரு காதுக்கு ஏறக்குறைய 3,500 உள் மயிர்ச்செல்கள் ஒரே வரிசையிலும், சுமார் 12,000 வெளி மயிர்ச்செல்கள் மூன்று வரிசைகளிலும் இருக்கின்றன. மூளைக்குச் செய்தி அனுப்பும் வேலை பெரும்பாலும் உள்வரிசையுடையது. வெளிவரிசைச் செல்கள் ஒலிக்கு ஏற்பத் தாமே நீண்டும் சுருங்கியும், மெல்லிய அதிர்வுகளை 40, 50 டெசிபெல் அளவுக்குத் தூக்கிவிடுகின்றன. ஒலி பெரிதாகப் பெரிதாக இந்தத் தூக்கல் குறைந்துகொண்டே வந்து, மிகப் பெரிய ஒலிகளுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய்விடும். அதனால்தான் இலை அசைவு முதல் இடி வரையிலான வீச்சை இவ்வளவு சிறிய உறுப்பு சமாளிக்கிறது.

வயது, இரைச்சல், சில மருந்துகள் ஆகியவற்றால் முதலில் அழிவது பெரும்பாலும் இந்த வெளிவரிசைதான். அது போனால், தூக்கிவிடப்பட வேண்டிய மெல்லிய ஒலிகள் காணாமல் போகின்றன. தட்டு விழும் சத்தத்துக்கோ அந்த உதவி தேவைப்பட்டதே இல்லை. அது பழையபடியே உள்வரிசைக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. இறந்தவர்களின் காதுகளை வைத்து நத்தைச்சுருளின் அலைகளை ஆராய்ந்த பெக்கெஷி 1961இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் உயிருள்ள காதில் மட்டுமே தென்படும் இந்தத் தூக்கலை அவரால் பார்த்திருக்க முடியாது. உயிருள்ள குரங்கின் காதில் ரோட் 1971இல் அதன் தடயத்தைக் கண்டார். 1978இல் லண்டனில் கெம்ப், காது தானே மெல்லிய ஒலியை வெளியிடுவதைப் பதிவு செய்தார். இன்று பிறந்த குழந்தையின் காதில் சிறு குமிழை வைத்துச் செய்யும் சோதனை அந்த ஒலியைத்தான் தேடுகிறது.

மைக்செட்காரன் எழுதியது:

ஆசிரியரின் இரண்டாவது ஐயத்துக்கு என் தொழில் வழியே பதில் சொல்ல முயல்கிறேன். கோயில் கொடையிலும் கல்யாண வீடுகளிலும் 34 ஆண்டுகளாக ஒலிபெருக்கி கட்டுகிறேன்.

ஒரு கூம்புக் குழாய் கட்டிய இடத்தில், அதே திறனுள்ள இன்னொரு குழாயையும் பக்கத்திலேயே கட்டினால், செறிவு இரு மடங்காகும். டெசிபெல் கணக்கில் அது 3தான் கூடும். கூட்டத்தில் பாதிப் பேர் அதைக் கவனிக்கவே மாட்டார்கள். ‘சத்தம் டபுளாக வேண்டும்’ என்று விழாக் குழுவினர் கேட்டால், ஒன்றுக்குப் பத்தாகக் கட்ட வேண்டியிருக்கும் என்று சொல்லிப் பார்ப்பேன். காசு பிடுங்கப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். இதன் மறுபக்கமும் உண்டு. பக்கத்து வீட்டில் நோயாளி இருக்கிறார், பாதியாகக் குறையுங்கள் என்பார்கள். இரண்டில் ஒரு குழாயை அணைத்துவிட்டு, குறைத்தாகிவிட்டது என்று நானே பல முறை சொல்லியிருக்கிறேன். நோயாளியின் காதுக்கு அது குறைவே அல்ல என்பது பின்னர்தான் தெரிந்தது.

இரட்டிப்புக்கு 10 டெசிபெல் என்பது ஹார்வர்டில் ஸ்டீவன்ஸ் பலரைக் கேட்க வைத்து எடுத்த சராசரியிலிருந்து வந்தது. 1936இல் அவர் ‘சோன்’ என்ற அலகை முன்வைத்தார். 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெல் ஒலியின் உரப்பு ஒரு சோன். 50 டெசிபெல் என்றால் இரண்டு. 60 என்றால் நான்கு. சராசரி என்பதால் தனி ஆட்கள் நிறையவே விலகுவார்கள். ஆம்பிளிபயரின் திருகை ஒரு தாளால் மறைத்துவிட்டு, ‘பாதி ஆக்கு’ என்று உதவியாளர்களிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒருவன் 6 குறைப்பான், இன்னொருவன் 13 குறைப்பான். ஆனால் இரண்டு ஒலிகளில் எது பெரிது என்று கேட்டால் தடுமாற மாட்டார்கள். ஒப்பிடும் விஷயத்தில் காதை நம்பலாம், மடங்கு சொல்லும் விஷயத்தில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ள வேண்டும் என்பது என் முடிவு.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். ஒரே டெசிபெல் எல்லாச் சுருதியிலும் ஒரே உரப்பு அல்ல. 1933இல் பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் இதைக் கோடுகளாக வரைந்தார்கள். அவற்றின் இப்போதைய வடிவமான ஐஎஸ்ஓ 226 என்னும் பன்னாட்டுத் தரக்கோடுகளின்படி, 1,000 ஹெர்ட்ஸ் ஒலி 2 டெசிபெல் வாக்கிலேயே கேட்டுவிடும், 50 ஹெர்ட்ஸ் ஒலியோ 44 டெசிபெல் வந்தால்தான் கேட்கும். காதுக்குழாய் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை அடைத்த குழல் என்பதால் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் தானே கூர்மையாகிறது. பழைய ஸ்டீரியோக்களில் ‘லவுட்னஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்குமே, ஒலியைக் குறைத்து வைக்கும்போது அடிச்சுருதி மட்டும் காணாமல் போகாமல் இருப்பதற்காக வைத்தது அது. நாங்கள் அதை எப்போதும் அழுத்தியே வைத்திருந்தோம், முழுச் சத்தத்திலும்.

கரும்பலகை எழுதியது:

காதைச் செறிவு பார்த்துப் பெருக்கும் அளவை மாற்றிக்கொள்ளும் ஆம்பிளிபயராக நினைக்க வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. முதல் ஐயத்தைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டாவதில் மைக்செட்காரர் சொன்ன ‘தள்ளுபடி’யோடு உடன்படுகிறேன். ஆனால் அப்படியானால் ரெக்ரூட்மென்டை எப்படி நிரூபித்தார்கள்? கேட்பவருக்கு இருப்பது பழுதுபட்ட காது. ஒப்பிட நல்ல காது வேண்டுமே.

ஒருசெவி எழுதியது:

அந்த நல்ல காது அவரிடமே இருந்தால் போதும், ஐயா. எனக்கு உட்செவியைத் தாக்கும் மெனியர் நோயால் இடது காது மட்டும் கெட்டிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சோதனை செய்தார்கள். 1,000 ஹெர்ட்ஸ் ஒலி வலது காதில் ஒரு நொடி, இடது காதில் ஒரு நொடி என்று மாறி மாறி வரும். வலது காதின் அளவை அவர்கள் நிலையாக வைத்துக்கொண்டு, இரண்டும் ஒரே உரப்பாகத் தோன்றும் வரை இடது காதின் அளவை ஏற்றி இறக்குவார்கள். வலது காதில் 30 இருந்தபோது இடது காதுக்கு 65 தேவைப்பட்டது. வலது காதில் 50 இருந்தபோது 74. வலது காதில் 90 வைத்தபோது இடது காதுக்கும் 90 போதுமானதாக இருந்தது. கடைசிக் குறியைப் போட்டதும், சோதித்தவர் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வலமும் இடமும் இணைத்த கோடுகள் முதலில் பெரும் சரிவாகத் தொடங்கி, மேலே போகப் போகப் படுக்கைக் கோடாகிவிட்டிருந்தன. ஃபௌலர் வகுத்த சோதனையே அது என்று இந்த இழையைப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

உரப்பு ஒன்றாகிவிட்டதே தவிர ஒலி ஒன்றாகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இடது காதில் அதே ஒலி சற்றே வேறு சுருதியில், தகரத்தைச் சுரண்டியதுபோல் கேட்டது. எனவே வைப்பாற்றங்கரை நண்பரின் தந்தைக்குப் பெரிய ஒலிகள் ‘நன்றாகக்’ கேட்கின்றன என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம்.

வைப்பாற்றங்கரை எழுதியது:

அப்பாவுக்கு மேல்படிகள் கெடாமல் இருக்கின்றன என்றால், நான் கத்தும்போதாவது சொற்கள் புரிய வேண்டுமே. கத்தினால் ‘சத்தம்’ கேட்கிறது, ‘பேச்சு’ புரியவில்லை என்கிறார். ‘சட்டையை எடு’ என்றால் கட்டையா, பட்டையா என்று கேட்கிறார்.

செவிப்பறை எழுதியது:

நீங்கள் கொடுத்த எடுத்துக்காட்டே விடையையும் வைத்திருக்கிறது. சட்டை, கட்டை, பட்டை, தட்டை: இவை நான்குக்கும் உயிரொலிகள் ஒன்றே. உயிரொலியின் ஆற்றல் கீழ் அதிர்வெண்களில் திரண்டிருக்கிறது. முதலில் வரும் வல்லின மெய் சில நூறில் ஒரு பங்கு நொடியில் வெடித்து மறையும் மெல்லிய ஒலி. அதன் ஆற்றல் பெரும்பாலும் 1,500 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது, ‘ஸ’ போல ஒலிக்கும் சகரத்துக்கு 4,000ஐயும் தாண்டிப் போகிறது. முதுமையும் இரைச்சலும் முதலில் அழிப்பது அந்தப் பகுதியைத்தான். உங்கள் தந்தையின் ஆடியோகிராமைப் பாருங்கள்: 500 ஹெர்ட்ஸில் 35 வாக்கிலும் 4,000 ஹெர்ட்ஸில் 70 வாக்கிலும் கோடு சரிந்திருக்க வாய்ப்பு அதிகம். இப்படி வெவ்வேறு அதிர்வெண்களின் எண்களைச் சேர்த்துச் சராசரி எடுத்ததுதான் அந்த 50. 4,000 ஹெர்ட்ஸில் அவருக்கு மிஞ்சியிருப்பது ஐம்பது படிகள்கூட அல்ல, முப்பதுதான். நாம் சாதாரணமாகப் பேசும்போதே மிக மெல்லிய மெய்க்கும் மிக உரத்த உயிருக்கும் இடையில் ஏறக்குறைய 30 டெசிபெல் வேறுபாடு இருக்கும். அதை அந்தச் சிறிய இடத்துக்குள் இடித்துப் பிடித்து அடைக்க வேண்டியிருக்கிறது.

கத்தும்போது நடப்பது என்னவென்றால், தொண்டை திறந்து உயிரொலிகள் ஏறிவிடுகின்றன. உதட்டிலும் நாக்கிலும் பிறக்கும் வல்லினங்கள் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. தாங்க முடியாத ‘அ’வும் ‘ஐ’யும் போய்ச் சேர்கின்றன, கேட்க வேண்டிய ‘ச்’ இன்னும் கேட்கவில்லை. அருகில் போய், முகம் தெரியும்படி நின்று, சற்று நிறுத்திப் பேசுங்கள். திறந்த வெளியில் தொலைவைப் பாதியாக்கினால் 6 டெசிபெல் கூடும். அது உயிருக்கும் மெய்க்கும் ஒரே அளவில் கூடும். முற்றத்திலிருந்து கத்துவதைவிட நான்கு எட்டு நடப்பது மேல்.

விசைத்தறி எழுதியது:

ஒரு சந்தேகம். நான் 22 ஆண்டுகள் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தவன். எங்கள் கூடத்தில் 90 டெசிபெல்லுக்குக் குறைந்து நான் கண்டதில்லை. சேர்ந்த முதல் வாரம் தலை வெடிப்பதுபோல் இருந்தது. ஒரு மாதத்தில் காது பழகிவிட்டது, சத்தமே தெரியவில்லை. ஆனால் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் டிவியை வழக்கத்தைவிட ஆறேழு புள்ளி கூட வைத்தால்தான் கேட்கும், காலையில் எழுந்ததும் அதே அளவு அலறும். உரப்பு என்பது உணர்வுதான் என்றால், பழகிய காதுக்கு அது குறைந்துவிடுகிறது என்றும், குறைந்த அளவு பாதிப்பும் குறையும் என்றும் சொல்லலாமா?

செவிப்பறை எழுதியது:

சொல்லவே கூடாது. இந்த இழையில் வந்த கேள்விகளில் மிக அவசரமானது இதுதான் என்பதால் சற்று அழுத்தியே எழுதுகிறேன்.

தொடர்ந்து ஒலிக்கும் ஒன்றுக்கு உரப்பு தானாகக் குறைவது உண்மையில் மிக மெல்லிய ஒலிகளுக்குத்தான் தெளிவாக நடக்கிறது. 90 டெசிபெல் ஒலி மணிக்கணக்கில் ஓடினாலும், நல்ல காதுக்கு அதன் உரப்பு பெரிதாகக் குறைவதில்லை. நீங்கள் ‘பழகிவிட்டது’ என்று சொன்னதில் ஒரு பங்கு கவனம் விலகியது. இன்னொரு பங்கு, கேட்கத் தொடங்கும் எல்லையே தற்காலிகமாக மேலே ஏறிவிட்டது. அதற்குச் சாட்சி உங்கள் வீட்டு டிவி. அந்த ஆறேழு புள்ளிகள் காலையில் திரும்பி வந்ததால் காது முழுதாகத் தேறிவிட்டது என்றும் நம்ப முடியாது. 2009இல் குஜாவாவும் லிபர்மனும் எலிகளை இரைச்சலுக்கு உட்படுத்திய ஆய்வில், கேட்கும் எல்லை சில வாரங்களில் பழைய நிலைக்கே திரும்பியது, மயிர்ச்செல்களும் இருந்தன. ஆனால் உயர் அதிர்வெண் பகுதியில் அந்தச் செல்களை நரம்போடு இணைக்கும் சந்திப்புகளில் பாதியளவு அழிந்திருந்தன. ஆடியோகிராம் அதைக் காட்டாது.

பாதிப்பைத் தீர்மானிப்பது காதுக்குள் போன ஆற்றலும் நேரமும். உங்களுக்கு அது எப்படித் தோன்றியது என்பதைச் செல் கேட்பதில்லை. பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசின் நியோஷ் நிறுவனம் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்றும், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. அந்தக் கணக்கில் 94 டெசிபெல்லில் ஒரு மணி நேரம்தான். மைக்செட்காரர் சொன்னபடி அந்த 3 டெசிபெல்லைப் பலர் கவனிக்கவே மாட்டார்கள் என்பதுதான் இதில் உள்ள கண்ணி.

மைக்செட்காரன் எழுதியது:

கண்ணி என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, என் தொழில் கூட்டாளிகள் இருவருக்கு இந்த இழையை அனுப்பினேன். எனக்கே இப்போது ட்ரெபிளைக் கூட்டினால்தான் பாட்டு தெளிவாகிறது, கூட்டினால் காதில் குத்துகிறது. காரணம் இப்போது விளங்குகிறது.

தேனருவி எழுதியது:

எனக்கும் 50 டெசிபெல் இழப்புதான், ஆனால் நீங்கள் எழுதியவற்றில் ஒன்றுகூட எனக்குப் பொருந்தவில்லை. தட்டு விழுந்தால் எனக்கு வலிப்பதில்லை. யாராவது உரக்கப் பேசினால் நிம்மதியாக, தெளிவாகக் கேட்கிறது. இன்னும் விசித்திரம், அமைதியான வீட்டைவிட ஓடும் பேருந்தில் எனக்குப் பேச்சு நன்றாகப் புரிகிறது. பக்கத்து இருக்கையில் இருப்பவர்கள் நம்ப மறுக்கிறார்கள். எனக்கு ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்று சொல்லியிருக்கிறார்கள்: நடுச்செவியில் அரிசி அளவே இருக்கும் அங்கவடி எலும்பு இறுகிப்போய்விட்டது.

செவிப்பறை எழுதியது:

உங்கள் வருகைக்காகவே இந்த இழை காத்திருந்ததுபோல் இருக்கிறது, அம்மா. உங்களுக்கு வந்திருப்பது கடத்தல் வகை இழப்பு. ஒலி உள்ளே போகும் வழியில்தான் அடைப்பு. நத்தைச்சுருளும் அதன் வெளிவரிசையும் நலமாக இருக்கின்றன. எனவே எல்லா ஒலிகளும் ஒரே அளவு குறைகின்றன, கீழ் எல்லையும் மேல் எல்லையும் சேர்ந்தே நகர்கின்றன. ஒலித்திருகைக் குறைத்து வைத்த ரேடியோ என்ற உவமை, உங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் உண்மை. நெற்றியிலோ காதின் பின்னாலோ அதிர்வானை வைத்து எலும்பு வழியே சோதித்தால் இரண்டு வகைகளையும் பிரித்துவிடலாம்.

பேருந்து விஷயம் 17ஆம் நூற்றாண்டிலேயே பதிவானது. ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ், பக்கத்தில் முரசு கொட்டினால் மட்டுமே கணவரின் பேச்சு கேட்கும் ஒரு பெண்மணியைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருக்காகவே முரசு கொட்ட ஓர் ஆளை வைத்திருந்தார்களாம். காரணம் எளிது. இரைச்சலில் மற்றவர்கள் தம்மையறியாமல் குரலை உயர்த்துகிறார்கள். 1911இல் இதை விவரித்த லொம்பார்டின் பெயரால் இன்றும் வழங்குகிறது. உங்கள் காதின் அடைப்பு இரைச்சலைக் குறைத்துவிடுகிறது, உயர்ந்த குரலோ எல்லையைத் தாண்டி வந்துவிடுகிறது.

கரும்பலகை எழுதியது:

ஆக, ஒரே 50 இரண்டு தாள்களில். ஒருவருக்கு உரத்த பேச்சு மருந்து, மற்றவருக்கு உபத்திரவம். என் மாணவர்களுக்கு இவ்வளவு ஆண்டுகளும் உரப்பைப் பற்றி அரைப் பக்கத்தில் முடித்துவிட்டேன்.

நிலாவின் அம்மா எழுதியது:

என் மகள் பிறவியிலேயே கேளாதவள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் (நத்தைச்சுருளுக்குள் மின்முனைகளைச் செருகி நரம்பை நேரடியாகத் தூண்டும் கருவி) பொருத்தினோம். இந்தப் படிக் கணக்கை நான் வேறு வடிவத்தில் பார்த்திருக்கிறேன். கருவியை முதன்முதலில் இயக்கிய நாளில், ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மின்னோட்டத்தில் கேட்கத் தொடங்குகிறது, எவ்வளவில் தொந்தரவாகிறது என்று தேடினார்கள். இரண்டுக்கும் இடையில் மின்கணக்கில் 10 முதல் 20 டெசிபெல் அகலம்தான் இருக்கும் என்றும், உலகத்து ஒலி முழுவதையும் அந்த இடைவெளிக்குள் மடித்து வைக்க வேண்டும் என்றும் விளக்கினார்கள். அவள் பேசத் தெரியாத குழந்தை என்பதால், எண்ணைப் பார்க்காதீர்கள், அவள் கண்ணைப் பாருங்கள் என்றார்கள். வளையங்களைக் கம்பியில் அடுக்கிக்கொண்டிருந்தவள், ஓரிடத்தில் கையை நிறுத்தினாள். அது கீழ் எல்லை. சற்று மேலே போனபோது இமைகள் படபடத்தன, உடனே குறைத்துவிட்டார்கள்.

அன்றைக்கு மேல் எல்லையை அவசரப்பட்டு உயர்த்தியிருந்தால் அவள் கருவியைக் கழற்றி எறிந்திருப்பாள். அந்தத் தாத்தாவுக்கும் மேல் எல்லையை யாராவது அளந்தார்களா?

வைப்பாற்றங்கரை எழுதியது:

நிலாவின் அம்மா கேட்ட கேள்வியை அப்படியே எழுதி எடுத்துக்கொண்டு போனேன். யாரும் அளந்திருக்கவில்லை. சென்ற ஆண்டு இணையத்தில் 2,500 ரூபாய்க்கு வாங்கிய ஒலிபெருக்கும் கருவி ஒன்றை அப்பா நான்கு நாட்களில் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். ‘பாத்திரம் கழுவுறது குண்டு போடுற மாதிரி இருக்கு’ என்றார். பிறகு காதில் பஞ்சை அடைத்துக்கொள்ளத் தொடங்கினார்.

செவிப்பறை எழுதியது:

அத்தகைய மலிவுக் கருவிகள் பலவும் எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் உயர்த்துபவை: பேச்சுக்கு 30 என்றால் தட்டுக்கும் 30. தேனருவி அம்மாவுக்கு அது ஓரளவு ஒத்துவரும். உங்கள் தந்தைக்கு ஒத்துவராது. இன்றைய ஹியரிங் எய்டுகளில் இழந்துபோன வெளிவரிசையின் வேலையை ஓரளவு போலச் செய்யும் அமுக்க முறை இருக்கிறது. 1970களில் அமெரிக்க ஒலிக்கருவி வடிவமைப்பாளர் எட்கர் வில்சர் இதை வலியுறுத்தினார். 50 டெசிபெல்லில் வரும் மெல்லிய பேச்சுக்கு 25 கூட்டும், 65இல் வரும் பேச்சுக்கு 15 கூட்டும், 85இல் வரும் சத்தத்துக்கு ஏறக்குறைய ஒன்றும் கூட்டாது. அதோடு, எவ்வளவு ஒலி வந்தாலும் இதற்கு மேல் விடாதே என்று ஓர் உச்ச எல்லையை அவருடைய தாங்கும் அளவுக்கு ஏற்ப வைக்க வேண்டும். குறை ஒன்று உண்டு: நுணுக்கமான இசையின் ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடும். அதற்குத் தனி புரோகிராம் கேளுங்கள்.

பஞ்சை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல காதுள்ளவர்களில் சிலர் இரண்டு வாரம் காதை அடைத்துக்கொண்டிருந்தார்கள், வேறு சிலர் மெல்லிய இரைச்சல் தரும் கருவியை அணிந்திருந்தார்கள். அடைத்தவர்களுக்கு ஒலிகள் முன்பைவிட உரப்பாகவும், மற்றவர்களுக்கு உரப்புக் குறைந்தும் தோன்றின. ஒலி வராவிட்டால் மூளை தன் திருகைத் தானே ஏற்றிக்கொள்கிறது. விசைத்தறி நண்பர் தறிக்கூடத்தில் அடைப்பான் அணிவது வேறு, சாப்பாட்டு அறையில் பஞ்சு வைப்பது வேறு.

வைப்பாற்றங்கரை எழுதியது:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். 2,000 ஹெர்ட்ஸில் அப்பாவின் தாங்கும் எல்லை 95 என்று அளந்து, புதிய கருவியில் உச்சத்தை அதற்குக் கீழே வைத்தார்கள். முதல் வாரம் செய்தித்தாளைப் புரட்டும் சத்தமே பெரிதாக இருக்கிறது என்று மடித்து வைத்துவிட்டார், இப்போது படிக்கிறார். டிவி 40லிருந்து 22க்கு இறங்கிவிட்டது. சட்டைக்கும் கட்டைக்கும் இன்னமும் சில நேரம் குழப்பம் வருகிறது. முந்தாநாள் அடுப்படியில் குக்கர் மூடி விழுந்தது. திரும்பிப் பார்த்தார், காதைப் பொத்தவில்லை.

புதிய புகார் ஒன்று: கூடத்து மின்விசிறி சத்தம் போடுகிறது, ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல் என்று தினமும் சொல்கிறார். அது பத்து ஆண்டுகளாக அப்படித்தான் ஓடுகிறது.

செவிப்பறை எழுதியது:

மெல்லிய ஒலிகளுக்குத்தான் கருவி அதிகம் கூட்டும் என்பதால் விசிறியும் அந்தக் கணக்கில் ஏறிவிடுகிறது. மிக மெல்லிய ஒலிகளுக்கு மட்டும் கூட்டலைக் குறைக்கும் அமைப்பு பெரும்பாலான கருவிகளில் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது அதைக் கேளுங்கள். அதற்கு முன் விசிறிக்கு எண்ணெய் போட முடியுமா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல வீடுகளில் புகார் உண்மையாகவே இருந்திருக்கிறது.